மின்சாரம் செய்யும் விளையாட்டுப் பெட்டி: வைண்டிங் கடை மேசையிலிருந்து ஒரு மதிப்புரை

கூடலூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர். குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் இருக்கிற ஊர். திராட்சைத் தோட்டத்து சம்மர்சிபிள், தென்னந்தோப்பு மோனோபிளாக், மலைக்கு மேலே ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி வரும் பம்பு என்று எரிந்துபோனதெல்லாம் கம்பி மறுபடி சுற்ற என் மேசைக்கு வரும். செம்புக் கம்பியும் காந்தமும்தான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடுதான் இந்தப் பெட்டியைப் பார்த்தேன், அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

முழுப் பரீட்சை லீவுக்கு என் அக்கா மகன் குமுளியிலிருந்து இறங்கி வந்திருந்தான். அங்கே மலையாள மீடியத்தில் ஏழாவது படிக்கிறான். என் மகள் இங்கே தமிழ் மீடியத்தில் ஆறாவது. இரண்டு பேருக்கும் ஏதாவது வாங்கித் தரலாம் என்று கம்பத்தில் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனபோது இந்தப் பெட்டி கண்ணில் பட்டது. மேலே காற்றாலை, நீர்ச்சக்கரம், சூரியன் மூன்றும் படமாகப் போட்டிருந்தார்கள். விலை 1,150 ரூபாய். கொஞ்சம் யோசித்தேன். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் உள்ளே இருக்கும் சாமான்களின் படம் இருந்தது. அதில் ஒரு குட்டி மோட்டாரும் பல்சக்கரம் வைத்த ஒரு ஹேண்டிலும் தெரிந்தன. அந்த ஹேண்டிலுக்காகத்தான் வாங்கினேன்.

உள்ளே இருந்தவை இவை: ஹேண்டில் வைத்த டைனமோ ஒன்று, தனியாக ஒரு குட்டி டி.சி. மோட்டார், மாற்றி மாற்றிச் செருகக்கூடிய ஆறு பிளாஸ்டிக் இறக்கைகள், கிண்ணம் கிண்ணமாக விளிம்பு வைத்த ஒரு நீர்ச்சக்கரம், இரண்டு சின்ன சோலார் தகடுகள், சிவப்பிலும் வெள்ளையிலும் எல்.இ.டி. விளக்குகள், ஒரு பஸ்ஸர், கிளிப் வைத்த ஒயர்கள், இருபத்து நான்கு பக்கப் புத்தகம். பிளாஸ்டிக் மோசமில்லை. பல்சக்கரங்கள் நன்றாகக் கடித்துப் போகின்றன. ஒயர்தான் மெலிது, கிளிப்போடு சேரும் இடத்தில் இரண்டாம் நாளே ஒன்று விட்டுப் போனது. சால்டரிங் வைக்கத் தெரியாத வீட்டில் அது பெரிய தொந்தரவு. ஆனால் சால்டரிங் கடை இல்லாத ஊர் எது!

ஹேண்டிலைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். 1,150 ரூபாயில் ஆயிரம் ரூபாய் அதற்கே போகும் என்பேன்.

முதலில் ஒயரில் எதையும் மாட்டாமல் மகளைச் சுற்றச் சொன்னேன். லேசாகச் சுற்றியது. சிவப்பு விளக்கை மாட்டினேன். விளக்கு எரிந்தது, ஹேண்டில் கொஞ்சம் இறுகியது. அப்புறம் தனி மோட்டாரை மாட்டினேன், இன்னும் இறுகியது. கடைசியாக இரண்டு கிளிப்பையும் ஒன்றோடொன்று கவ்வ வைத்துச் சுற்றச் சொன்னேன். கையே நின்றுபோகிற மாதிரி இழுத்தது. "என்னப்பா, யாரோ பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறாங்க" என்றாள். மருமகன் ஹேண்டிலைப் பிடுங்கி அவனும் சுற்றிப் பார்த்தான். கிளிப்பைக் கழற்றினால் லேசு, கவ்வ வைத்தால் பாரம். ஒரு மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தார்கள். நான் தடுக்கவில்லை.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் "காத்துல இருந்து", "தண்ணியில இருந்து" என்று சொல்லும். காற்றுக்குள் மின்சாரம் ஒளிந்திருப்பதைப் போல மனதில் பதிந்துவிடுகிறது. அப்படி இல்லை. செம்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் நகர்ந்தால், அல்லது காந்தத்துக்குப் பக்கத்தில் சுருள் நகர்ந்தால், கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது இது. இன்றைக்கும் காற்றாலை, அணை, அனல்மின் நிலையம், கல்யாண வீட்டு ஜெனரேட்டர் எல்லாம் ஓடுவது இதில்தான். ஆனால் அந்தச் சுருளை யாராவது தள்ளிச் சுற்ற வேண்டும். சுருளிலிருந்து கரண்ட் எடுக்க எடுக்க, அந்தக் கரண்டே சுருளை ஒரு காந்தமாக்கிச் சுற்றுக்கு எதிராக இழுக்கும். கையில் தெரிந்த அந்தப் பாரம் அதுதான். விளக்குக்குப் போகிற சக்தி முழுவதும் நம் கையிலிருந்து போனது.

மகளிடம் ஒரு கணக்குச் சொன்னேன். ஒரு ஆள் விடாமல் சுற்றி 20 வாட் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், மீட்டரில் ஒரு யூனிட் (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம்) ஏற அவர் 50 மணி நேரம் சுற்ற வேண்டும். அவள் ஹேண்டிலைக் கீழே வைத்துவிட்டு மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள்.

புத்தகத்தில் இந்தப் பாரத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. "ஹேண்டிலைச் சுற்றினால் விளக்கு எரியும்" என்பதோடு நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு நல்ல சாமானைக் கொடுத்துவிட்டு அதில் தெரிய வேண்டிய முக்கியமான விஷயத்தை எழுதாமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இதை வாங்குகிறவர்கள் தயவுசெய்து கிளிப்பைக் கவ்வ வைத்துப் பிள்ளையைச் சுற்ற விடுங்கள். இந்த டைனமோவில் அது ஆபத்தில்லை. வீட்டு ஒயரில் ஒருபோதும் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

தனியாக வந்த மோட்டாரை ஒருநாள் கடையில் பிரித்துக் காட்டினேன். வளைந்த காந்தம் இரண்டு, நடுவே சுற்றுகிற மூன்று துருவ ஆர்மேச்சர், அதில் தலைமுடி கனத்தில் எனாமல் கம்பி, ஓரத்தில் கம்பி முனைகள் வந்து சேரும் கம்யூட்டேட்டர், அதை உரசிக் கரண்ட் கடத்தும் இரண்டு பிரஷ். பக்கத்திலேயே ஒரு ஏலத்தோட்டத்து மோட்டாரின் ஸ்டேட்டர், அதாவது சுற்றாமல் நிற்கிற வெளிச்சுருள், திறந்து கிடந்தது. இரண்டிலும் ஒரே செம்பு என்பதை மருமகன் தானாகவே சொன்னான். டைனமோவின் ஒயரை இந்த மோட்டாரில் மாட்டிச் சுற்றினால் இது ஓடும். இந்த மோட்டாரின் தண்டைச் சுற்றினால் இதுவும் கரண்ட் கொடுக்கும். பெரிய பவர் ஹவுஸில் மட்டும் ஒரு மாற்றம் உண்டு. அங்கே காந்தம் நடுவில் சுற்றும், சுருள் வெளியே அசையாமல் நிற்கும். அவ்வளவு பெரிய கரண்ட்டை பிரஷ் வழியாக எடுப்பதைவிட, நிற்கிற சுருளிலிருந்து நேராக எடுப்பது சுலபம். அந்தக் காந்தமும் இரும்புக் காந்தம் இல்லை, அதுவே ஒரு மின்காந்தம்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இந்த ஊர்க்காரனுக்கு அதுதான் முக்கியம்.

நீர்ச்சக்கரத்துக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் படம் நயாகரா. எங்கள் பிள்ளைகளுக்கு நயாகரா எதற்கு? குமுளி மலைச் சாலையில் ஏறினால் மேலேயிருந்து மலையடிவாரத்து லோயர்கேம்ப் வரை இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்கள் தெரிகின்றன. பஸ்ஸில் போகிற ஒவ்வொரு பிள்ளையும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருக்கும். சிவகிரி மலையில் பிறந்து மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை வெள்ளைக்கார இன்ஜினியர் பென்னிகுவிக் 1895-ல் அணைகட்டித் திருப்பினார். தண்ணீர் ஒரு மைலுக்கும் நீளமான சுரங்கம் வழியாக மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. அறுபது வருடத்துக்கும் மேலாக அது மலையிலிருந்து விழுந்து வயலுக்குப் போனது, அவ்வளவுதான். பிறகுதான் குழாய் போட்டு லோயர்கேம்ப்பில் பவர் ஹவுஸ் வைத்தார்கள். நான்கு குழாய்க்கு நான்கு ஜெனரேட்டர். சக்கரத்தைத் தள்ளிவிட்டு வெளியே வருகிற அதே தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சம் வைகை அணைக்குப் போகிறது.

எங்கள் அய்யாவுக்கு எழுபத்தெட்டு வயது. அந்த வயலில்தான் வாழ்க்கை முழுக்க நின்றவர். "கரண்ட் எடுத்த தண்ணி சத்து இறங்கின தண்ணி" என்று அவர் சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். அவர் காலத்து ஆட்கள் பல பேருக்கு அந்த எண்ணம் உண்டு. தப்பு என்று நானும் சொல்லியிருக்கிறேன், ஆனால் ஏன் தப்பு என்று காட்ட என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இந்தப் பெட்டி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் அவர் பார்க்கவே செய்தோம்.

பதினைந்து லிட்டர் வாளி, அதன் அடியில் ஒரு ஓஸ் குழாய். குழாய் முனையில் பால்பாயின்ட் பேனா மூடியை வெட்டிச் செருகி வாயைச் சின்னதாக்கினோம். வாளியை முக்காலியில் வைத்தால் சக்கரம் சோம்பலாகச் சுற்றியது, விளக்கு எரியவில்லை. மருமகன் வாளியை மாடிப்படியில் பாதிக்குக் கொண்டுபோனான். சக்கரம் சத்தம் போட ஆரம்பித்தது, விளக்கு மினுக்கியது. மொட்டை மாடிக்கே ஏற்றியபோது சிவப்பு விளக்கு பகலிலும் தெரிகிற மாதிரி எரிந்தது. சக்கரத்துக்குக் கீழே வைத்த அண்டாவில் தண்ணீர் சேர்ந்தது. மகள் அளந்து பார்த்தாள். தெறித்துச் சிந்தினது போக அதே பதினைந்து லிட்டர்தான். மறுபடி மாடிக்குத் தூக்கி ஊற்றினால் மறுபடி எரிந்தது.

அய்யா அண்டாவில் கையை விட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப கரண்ட் தண்ணியில இல்ல, மேட்டுல இருக்கு" என்றார்.

நான் இத்தனை வருடமாகச் சொல்லத் தெரியாமல் தவித்த வாக்கியம் அது. தண்ணீரிலிருந்து எதுவும் உறிஞ்சப்படுவதில்லை. உயரத்தில் இருந்த தண்ணீர் கீழே வருகிறது, வருகிற வழியில் சக்கரத்தைத் தள்ளுகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், இழப்பு போக ஏறக்குறைய கால் யூனிட் கிடைக்கும். 9 வாட் பல்பு ஒன்று ஒரு நாளுக்கும் மேலாக எரியும். அதே ஆயிரம் லிட்டர் பத்து மீட்டர் உயரத்து மாடித் தொட்டியிலிருந்து இறங்கினால், பல்பு மூன்று மணி நேரம்கூட எரியாது. அதனால்தான் பவர் ஹவுஸை மலையடிவாரத்தில் வைக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பிள்ளைகளை வண்டியில் உட்கார வைத்து மலைச் சாலையில் இரைச்சல் பாலம் வரை கூட்டிப் போனேன். பவர் ஹவுஸ் குழாயில் போகாத தண்ணீரை அந்த வழியாகத் திறந்து விடுவார்கள். தண்ணீர் பாறையில் மோதி விழும்போது எழும் சத்தத்தால்தான் அந்தப் பெயர். தண்ணீர் திறக்காத நாளில் அங்கே நின்று பேசலாம், திறந்த நாளில் கத்தினால்தான் கேட்கும். குழாயில் இறங்கினால் சக்கரத்தைத் தள்ளி மின்சாரமாகிற அதே சக்தி, இங்கே சத்தமாகவும் சாரலாகவும் தெறித்துப் போகிறது. வீட்டில் வாளியை மாடிக்குத் தூக்கிய பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இது முழுக்க வீணாப் போற கரண்ட்டா மாமா?" என்று மருமகனே கேட்டான். வயலுக்குப் போகிறது, வீண் இல்லை, கரண்ட் மட்டும்தான் எடுக்கவில்லை என்றேன்.

அவனுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. பள்ளியில் இடுக்கி அணைக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறார்கள். அணையைப் பார்த்தான், கரண்ட் செய்யும் இடத்தைப் பார்க்கவில்லையாம். இடுக்கி அணை இருப்பது ஓரிடம், பவர் ஹவுஸ் இருப்பது தள்ளி மூலமற்றத்தில், மலைக்கு உள்ளே பாறையைக் குடைந்த அறையில். 1976-ல் தொடங்கியது, ஆறு ஜெனரேட்டர், மொத்தம் 780 மெகாவாட். அங்கே சுற்றுகிற சக்கரத்தின் விளிம்பிலும் இந்தப் பெட்டியில் இருப்பதைப் போலவே கிண்ணங்கள் உண்டு, பெல்டன் சக்கரம் என்பார்கள். ரொம்ப உயரத்திலிருந்து வேகமாகப் பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கு அந்த வடிவம்தான் சரி. பெட்டி செய்தவர்கள் இதைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும்.

பாராட்ட முடியாத விஷயம், சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே தண்ணீர்த் தடுப்பு எதுவும் இல்லை. தண்டு வழியாக ஈரம் உள்ளே போய்விடுகிறது. நான்காம் நாள் மோட்டார் கரகரத்தது, பிரித்தால் உள்ளே துரு. ஐந்து ரூபாய் ரப்பர் வாஷர் ஒன்று போதும். நான் பழைய வாஷரை வெட்டி கிரீஸ் தடவிப் போட்டேன். வாங்குகிறவர்கள் தண்ணீர்ப் பரிசோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் மோட்டாரைக் கழற்றி வெயிலில் காய வையுங்கள்.

காற்றுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆனியிலும் ஆடியிலும் மலையைத் தாண்டி இறங்குகிற காற்று தகரத்தைத் தூக்கும். ஆனால் லீவு சித்திரையில் அல்லவா வருகிறது, அதனால் டேபிள் ஃபேன்தான். முதல் நாள் பெரிய ஏமாற்றம். புத்தகத்தில் சொன்னபடி வெள்ளை விளக்கை மாட்டினோம். இறக்கை விர்ரென்று சுற்றியது, விளக்கு எரியவே இல்லை. பெட்டியே கெட்டுப்போனது என்று மகள் முகம் வாடிவிட்டது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஃபேனை முழு வேகத்தில் வைத்தும் இரண்டு வோல்ட்டைச் சற்றுத்தான் தாண்டியது. வெள்ளை எல்.இ.டி.க்கு மூன்று வோல்ட் பக்கம் வேண்டும், சிவப்புக்கு இரண்டுக்குள் போதும். சிவப்பை மாட்டினோம், அப்போதும் எரியவில்லை. ஒயரைத் திருப்பி மாட்டியதும் எரிந்தது. எல்.இ.டி. ஒரு பக்கம்தான் கரண்ட்டை விடும், கிளிப் மாறினால் எரியாது. இந்த இரண்டு விஷயமும் தெரியாத ஒரு அம்மாவோ அப்பாவோ பெட்டியைக் கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள். புத்தகம் எழுதியவர் ஒரு தடவையாவது ஃபேன் முன்னால் உட்கார்ந்து செய்து பார்த்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

அதைத் தாண்டிவிட்டால் காற்றுப் பகுதி அருமை. ஆறு இறக்கையையும் மாட்டினால் ஃபேன் மெதுவாக ஓடும்போதே சுற்றத் தொடங்கிவிடுகிறது. மூன்று மட்டும் மாட்டினால் தொடங்கத் தயங்குகிறது, ஆனால் காற்று வேகமானதும் ஆறைவிட வேகமாகச் சுற்றி அதிக வோல்ட் காட்டுகிறது. கிணற்றுத் தண்ணீர் இறைக்க வைத்த பழைய காலக் காற்றாடிகளில் ஏன் அத்தனை தகடு, மின்சாரக் காற்றாலையில் ஏன் மூன்றே இறக்கை என்பது இதில் விளங்கிவிடும். பம்பை இழுக்க ஆரம்பத்திலேயே பலம் வேண்டும், மின்சாரத்துக்கு வேகம் வேண்டும். இறக்கையின் சாய்வையும் மாற்றலாம். முழுக்க காற்றுக்கு முகம் காட்டி வைத்தால் சுற்றாது, கொஞ்சம் சாய்த்தால்தான் சுற்றும். எந்தச் சாய்வில் அதிக வோல்ட் என்று மகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

மருமகன் ராமக்கல்மேட்டில் காற்றாலைகளைப் பார்த்தவன். அந்த மேட்டு விளிம்பில் நின்றால் கீழே கோம்பை, தேவாரம் பக்கத்துச் சமவெளி விரிந்து கிடக்கும், நிற்க முடியாத காற்று அடிக்கும். "அது மெதுவாத்தானே மாமா சுத்துது, இது எவ்வளவு வேகமாச் சுத்துது" என்றான். பெரிய இறக்கை மெதுவாகத்தான் சுற்றும், உள்ளே பல்சக்கரப் பெட்டி வைத்து வேகத்தைக் கூட்டிக்கொள்கிற காற்றாலைகள்தான் அதிகம். டைனமோவின் ஹேண்டிலில் இருக்கும் பல்சக்கரத்தைக் காட்டினேன், புரிந்துகொண்டான். அவனுக்கு நான் சொன்ன இன்னொன்று, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் கிடைக்கிற சக்தி எட்டு மடங்காகும். ஒரு நொடியில் இரண்டு மடங்கு காற்று வந்து சேருகிறது, வருகிற காற்று ஒவ்வொன்றும் நான்கு மடங்கு பலத்தோடு வருகிறது. இரண்டை நான்கால் பெருக்க வேண்டியதுதான். மேட்டையும் கணவாயையும் தேடிப்போய்க் காற்றாலை நடுவது அதனால்தான்.

சோலார் தகடுதான் எனக்கே பாடம். காற்றிலும் தண்ணீரிலும் சாண எரிவாயுவிலும்கூடக் கடைசியில் ஏதோ ஒன்று சுருளைச் சுற்றுகிறது. (சாண எரிவாயுவைப் புத்தகம் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டது, செய்து பார்க்க எதுவும் தரவில்லை.) சோலாரில் எதுவும் சுற்றுவதில்லை. செம்பு இல்லை, காந்தம் இல்லை. தோட்டத்தில் சோலார் பம்பு பழுது பார்த்திருக்கிறேன், தகட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் சொல்லத் தெரிந்ததில்லை. மகள் கேட்டதால் இரண்டு நாள் படித்தேன்.

சிலிக்கான் தகடு இரண்டு அடுக்கு. ஒன்றில் துளி பாஸ்பரஸ், இன்னொன்றில் துளி போரான் கலந்திருப்பார்கள். இரண்டும் சேருகிற எல்லையில் எலெக்ட்ரான்களுக்கு ஒருவழிப் பாதை உண்டாகிவிடுகிறது. வெளிச்சம் பட்டால் எலெக்ட்ரான் தன் இடத்திலிருந்து கழன்று கிளம்புகிறது, எல்லை அதை ஒரு பக்கமாக மட்டும் தள்ளுகிறது. வந்த வழியே திரும்ப முடியாமல் அது ஒயர் வழியாக, விளக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து சேருகிறது. பிள்ளைகளுக்கு நான் சொன்ன உதாரணம், சபரிமலை சீசன். கார்த்திகை, மார்கழியில் கூட்டம் கூடினால் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். ஏறின வழியில் இறங்க விடமாட்டார்கள். அந்தச் சுற்றில் போகிற வண்டிதான் எலெக்ட்ரான். இரண்டு பேருக்கும் உடனே பிடிபட்டது, போலீஸ் நிற்கிற வளைவு எது என்பதுவரை சொன்னார்கள்.

தகட்டில் செய்து பார்க்க நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றும் நான்கு கட்டம், கட்டத்துக்கு அரை வோல்ட், ஆக இரண்டு வோல்ட். நான்கில் ஒரு கட்டத்தை மட்டும் கட்டைவிரலால் மூடினாலே மோட்டார் நின்றுவிடுகிறது. கட்டங்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்று அடைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் வழி அடைகிறது. தென்னை ஓலை நிழல் ஒரு ஓரத்தில் விழுந்ததற்கே பம்பு தளர்ந்துபோகிறது என்று ஒரு தோட்டக்காரர் என்னிடம் வந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மோட்டாரைப் பிரித்துப் பார்த்து நேரம் போனது. இன்று என்றால் முதலில் ஓலையை வெட்டச் சொல்வேன்.

காலை ஒன்பது மணிக்கு 2.3 வோல்ட் காட்டிய தகடு, உச்சி வெயிலில் மொட்டை மாடித் தரையில் கிடந்து கையில் தொட முடியாமல் சுட்டபோது 2.1 காட்டியது. வெயில் கூடினால் வோல்ட்டும் கூடும் என்று பந்தயம் கட்டியிருந்த மருமகனுக்கு ஆச்சரியம். சோலாருக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி.

"எங்க டீச்சர் கொச்சி ஏர்போர்ட் முழுக்க சோலார்லதான் ஓடுதுன்னு சொன்னாங்க. ராத்திரி என்ன செய்வாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. 2015 முதல் அப்படித்தான். பகலில் தேவைக்கு மேல் வருவதை மின்வாரிய லைனுக்குக் கொடுத்துவிட்டு, இரவில் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் பெட்டியின் பெரிய குறை தெரிந்தது: சேமிக்க எதுவும் தரவில்லை. இரண்டு சின்ன ரீசார்ஜபிள் செல்லும், கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு டையோடும் வாங்கி, இரண்டு தகட்டையும் தொடராகக் கோத்து நானே செய்துகொடுத்தேன். பகலெல்லாம் மாடியில் கிடந்துவிட்டு இரவில் சிவப்பு விளக்கு எரிந்தது. மகள் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாள்.

புத்தகம் முழுக்க ஆங்கிலம். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் விற்கிற பெட்டியில் நான்கு பக்கமாவது இந்த மொழிகளில் போட்டிருக்க வேண்டாமா? பிள்ளை தானே படித்துத் தானே மாட்டுவதில்தான் ருசி. எங்கள் வீட்டில் நான் ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதினேன், அக்கா மகன் அதைப் பார்த்து மலையாளத்தில் எழுதினான். எந்த விளக்கு எதற்கு, கிளிப்பை எப்படி மாற்றுவது, மோட்டாரை எப்போது காய வைப்பது எல்லாம் அதில் இருக்கிறது.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வாங்கலாம், தைரியமாக வாங்கலாம். அதற்குக் குறைந்த வயதென்றால் ஹேண்டிலோடு நிறுத்திக்கொள்ளலாம். கூடவே முந்நூறு ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டரும் நான்கு சிவப்பு எல்.இ.டி.யும் வாங்கிவிடுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் பாதி விஷயம் தெரியாமலே போகும். இன்னொன்றை என் தொழிலில் பார்த்ததால் சொல்கிறேன். விளக்கு எரிந்த உற்சாகத்தில் பிள்ளை அடுத்து சுவர் பிளக்கைத்தான் பார்க்கும். பெட்டியில் இருப்பது மூன்று வோல்ட், சுவரில் இருப்பது 230. எரிந்த கையோடு கடைக்கு வந்த ஆட்களை எனக்குத் தெரியும். முதல் நாளே அதைச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறங்கள்.

மருமகன் ஊருக்குக் கிளம்பும்போது ஆறு இறக்கையில் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டான், ஆடி மாதக் காற்றில் வீட்டு மாடியில் கட்டப் போகிறானாம். அவனுக்குப் பழைய பிரிண்டரிலிருந்து எடுத்த ஒரு மோட்டார் கொடுத்தேன். மிச்சப் பெட்டியை மகள் திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோகிறாள். நீர்ச்சக்கரத்துக்குப் புது மோட்டார் மாட்டி, வாஷரும் போட்டு வைத்திருக்கிறேன். தமிழ்த் தாளை மூடியின் உள்பக்கம் ஒட்டியாகிவிட்டது.